கார்ல் ஆய்கன்: ஒரு டியூக்கின் இரண்டு திருமணங்கள்

வுர்ட்டெம்பெர்க் நாட்டின் டியூக் கார்ல் ஆய்கன் (1728–1793) இரண்டு முறை மணம் செய்தார். முதல் மணம் 1748-ல் ஐரோப்பாவின் கண்முன் நடந்தது. அதற்கென்றே ஓர் ஓபரா அரங்கம் எழுந்தது. இரண்டாவது மணம் 1785-ல் வெளியே தெரியாமல் நடந்தது. ஓராண்டு கழித்தே அறிவிக்கப்பட்டது. முதல் மனைவி பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் மருமகள். இரண்டாம் மனைவி இன்னொருவரை மணந்து பிரிந்து வந்தவர். முதல் மணம் எட்டே ஆண்டுகளில் உடைந்தது. இரண்டாவது உறவு டியூக்கின் மரணம்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இந்த இருவரையும் வைத்துத்தான் கார்ல் ஆய்கனின் வாழ்க்கையை வழக்கமாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: முற்பாதியில் ஆடம்பரமும் கொடுமையும் மிகுந்த கொடுங்கோலர், பிற்பாதியில் நல்ல பெண்ணொருத்தியால் திருந்திய தந்தை போன்ற அரசர். இதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மைதான். டியூக்கின் பழக்கவழக்கங்கள் மாறின. மனிதர்கள் தமக்கு உடைமை என்ற அவருடைய எண்ணம் மாறவில்லை. முதல் மணம் முறிந்தபோது ஒரு பாடகி விசாரணையின்றிச் சிறைப்பட்டார். இரண்டாம் உறவின் காலத்தில் ஒரு கவிஞர் விசாரணையின்றிச் சிறைப்பட்டார். இருவரும் கிடந்தது ஒரே கோட்டையில்.

கார்ல் ஆய்கன் 1728 பிப்ரவரி 11-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை கார்ல் அலெக்சாண்டர் புனித ரோமப் பேரரசுப் படையின் தளபதி, கத்தோலிக்கத்துக்கு மாறியவர். தாய் மரியா அவுகுஸ்தா, தூர்ன்-டாக்ஸிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். வுர்ட்டெம்பெர்க் மக்களோ உறுதியான லூத்தரன்கள். குடிமக்கள் ஒரு சமயம், ஆள்பவர் வேறு சமயம் என்ற இந்த நிலை பின்னாளில் டியூக்கின் இரண்டு திருமணங்களையும் சிக்கலாக்கியது. 1737-ல் தந்தை திடீரென்று இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. 1741-ன் இறுதியில் இரண்டு தம்பிகளோடு அவர் பிரெடரிக்கின் பெர்லின் அரண்மனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு இசை கற்பித்தவர் கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக். அவர் தம் சீடருக்குக் காணிக்கையாக்கிய சொனாட்டாக்கள் இன்றும் வுர்ட்டெம்பெர்க் சொனாட்டாக்கள் என்றே வழங்குகின்றன. 1744-ல், பதினாறு வயதிலேயே, பேரரசர் அவரை வயதுவந்தவராக அறிவித்தார். ஊர் திரும்பும் இளைஞனுக்கு நல்லாட்சி பற்றிய அறிவுரை ஒன்றையும் பிரெடரிக் எழுதிக் கொடுத்தார்.

எலிசபெத் பிரீடரிக்கே சோஃபியுடன் நிச்சயதார்த்தம் நடந்ததும் அந்த பெர்லின் உறவின் விளைவுதான். பைராய்ட் சிற்றரசர் பிரீட்ரிக்கும், பிரெடரிக் மன்னரின் அன்புக்குரிய தமக்கை வில்ஹெல்மினேவும் பெற்ற ஒரே மகள் அவர். தென் ஜெர்மனியில் இருந்த வுர்ட்டெம்பெர்க்கைத் தம் பக்கம் கட்டிப்போட பிரஷ்யாவுக்கு இந்த மணம் தேவைப்பட்டது. 1748 செப்டம்பர் 26-ல் பைராய்ட்டில் திருமணம் நடந்தபோது மணமகனுக்கு இருபது வயது, மணமகளுக்குப் பதினாறு. விழாவுக்காக எழுப்பிய ஓபரா அரங்கின் உட்புறத்தை இத்தாலியக் கலைஞர் ஜியுசெப்பே கல்லி பிபியேனா மரத்திலும் துணியிலும் இழைத்துத் தந்தார். 2012-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்த மணம் விட்டுச்சென்றவற்றில் நிலைத்தது அது ஒன்றே.

1750 பிப்ரவரியில் தம்பதிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதின்மூன்று மாதங்களில் இறந்துவிட்டது. பிறகு குழந்தை இல்லை. ஸ்டுட்கார்ட் அரண்மனையில் டியூக்கின் பெண் தொடர்புகள் மறைவாக இருக்கவில்லை. நாடகக் கம்பெனியின் நடனப் பெண்களும் பாடகிகளும் நாட்டுக் குடும்பங்களின் பெண்களும் அவர் கண்ணில் பட்டார்கள். நீலக் காலணி அணியும் உரிமை அவருடைய காதலிகளுக்கு மட்டுமே உண்டு என்ற பேச்சு வுர்ட்டெம்பெர்க்கில் வெகுநாள் நிலவியது. அவருக்குப் பிறந்த ஆண் பிள்ளைகள் பலர் ஃபிராங்க்மோன் என்ற குடும்பப் பெயரோடு படையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான பிரீட்ரிக் ஃபிராங்க்மோன் பிற்காலத்தில் வுர்ட்டெம்பெர்க்கின் போர் அமைச்சராக உயர்ந்தார்.

மனைவிக்கு அந்த அரண்மனையில் அந்தரங்கத் தோழியாக இருந்தவர் பாடகி மரியானே பிர்க்கர். லண்டனிலும் கோபன்ஹேகனிலும் புகழ்பெற்ற இத்தாலிய ஓபராக் குழுக்களோடு பாடியவர். கணவர் ஃபிரான்ஸ் பிர்க்கர் வயலின் கலைஞர். 1756-ல் டியூக்கின் மனைவி பைராய்ட்டுக்குத் தாய்வீட்டுப் பயணமாகப் போனார்; திரும்பி வர மறுத்துவிட்டார். மனைவியைத் திரும்ப அழைத்துவர டியூக்கால் முடியவில்லை. அவருடைய தோழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். டியூக்கின் தொடர்புகளை மனைவியின் காதில் போட்டவர் பிர்க்கர்தான் என்று குற்றம் சொல்லி அவரையும் கணவரையும் பிடித்தார்கள். வழக்கு இல்லை, தீர்ப்பும் இல்லை. முதலில் ஹோஹென்ட்வீல் கோட்டை, பிறகு ஹோஹெனாஸ்பெர்க் கோட்டை என்று எட்டு ஆண்டுகள் போயின. படுக்கை வைக்கோலை எடுத்து அவர் சிறையில் பூக்கள் செய்தார். அப்படிச் செய்த ஒரு கொத்து வியன்னாவில் பேரரசி மரியா தெரேசாவின் கையை எட்டியது என்றும் அதனால் இரக்கம் பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. பேரரசியின் தலையீட்டால் 1764-ல் விடுதலை வந்தது. குரல் திரும்ப வரவில்லை. ஹைல்பிரான் நகரில் பாட்டு சொல்லிக் கொடுத்துப் பிழைத்து 1782-ல் இறந்தார். ஒரு கணவன்-மனைவி சண்டைக்கு மூன்றாம் மனிதர் இவ்வளவு பெரிய விலை கொடுத்த நிகழ்ச்சி, சிறுசிறு அரசுகள் நிறைந்த அந்தக் கால ஜெர்மனியிலும் அரிது.

திருமண முறிவு அரசியலையும் தொட்டது. பிரான்சுக்கு 6,000 வீரர்கள் தருவதாக டியூக் 1752-லேயே ஒப்பந்தம் செய்து பணம் வாங்கியிருந்தார். 1757-ல் ஏழாண்டுப் போருக்காக பிரான்ஸ் அந்த வீரர்களைக் கேட்டபோது அவர்கள் யாரை எதிர்த்துப் போக வேண்டியிருந்தது? மனைவியின் மாமனான பிரெடரிக்கை. அவரையே லூத்தரன் குடிமக்கள் தங்கள் சமயத்தின் காவலராகப் பார்த்தார்கள். வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சேர்த்த படை ஸ்டுட்கார்ட்டிலேயே கலகம் செய்தது. வரிகளை எதிர்த்த நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் சட்ட அறிஞர் யோஹான் யாகோப் மோசர் 1759-ல் ஹோஹென்ட்வீல் கோட்டையில் அடைக்கப்பட்டார். ஐந்தாண்டு அங்கே இருந்தார். சபை 1764-ல் வியன்னாவின் பேரரசு நீதிமன்றத்தில் டியூக்கின்மேல் வழக்குத் தொடுத்தபோது பிரஷ்யா, டென்மார்க், ஹனோவர் மூன்றும் சபையின் பக்கம் நின்றன. மாப்பிள்ளை உறவால் கட்டிப்போட நினைத்த பிரெடரிக் இப்போது எதிர்த்தரப்புக்குத் துணையாக இருந்தார்.

இந்த ஆண்டுகளிலேயே ஸ்டுட்கார்ட் ஐரோப்பாவின் கலை மையங்களில் ஒன்றாகவும் விளங்கியது. நிக்கோலோ யொமெல்லி ஓபரா இசையமைத்தார். ஜான் ஜார்ஜ் நொவேர் பாலே நடனத்தையே புதிதாக வகுத்தார். லுட்விக்ஸ்பர்க்கில் பெரிய மர ஓபரா அரங்கம் ஒன்று எழுந்தது. சோலிட்யூட் அரண்மனை குன்றின் உச்சியில் உயர்ந்தது. சபையோடு சண்டையிட்ட டியூக் தலைநகரையே 1764-ல் ஸ்டுட்கார்ட்டிலிருந்து லுட்விக்ஸ்பர்க்குக்கு மாற்றினார். இவை எல்லாம் கடனில் நடந்தன. 1770-ல் சபையோடு உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டிய நிலை வந்தது. நொவேரும் யொமெல்லியும் அதற்குள் போய்விட்டார்கள். டியூக்கின் ஆடம்பரம் குறைந்ததற்கு இரண்டாம் மனைவியான பிரான்ஸிஸ்காவின் நற்குணத்தை மட்டுமே காரணமாகச் சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. அவர் டியூக்கின் வாழ்வில் நிலைபெறும் முன்பே பணம் தீர்ந்திருந்தது.

பிரான்ஸிஸ்கா ஃபான் பெர்னெர்டின் 1748 ஜனவரி 10-ல் பிறந்தார். டியூக்கைவிட இருபது வயது இளையவர். பழைய பிரபுக் குடும்பம், கையில் பணம் குறைவு. பதினேழாம் வயதில் பாரன் லாய்ட்ரும் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வாழ்க்கை இனிக்கவில்லை. 1769-ஐ ஒட்டி டியூக்கைச் சந்தித்தார். அழகில் அவர் அரண்மனைப் பெண்களை மிஞ்சியவர் அல்லர் என்றே அக்காலத்தவர் எழுதினார்கள். அடக்கமும் பக்தியும் இயல்பான பேச்சும்தான் அவரிடம் தெரிந்தன. 1772-ல் கணவரிடமிருந்து மணவிலக்கு கிடைத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், அவருடைய பிறந்தநாளன்று, ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே இருந்த ஹோஹென்ஹைம் பண்ணையை டியூக் அவருக்குப் பரிசாகத் தந்தார். 1774-ல் பேரரசர் இரண்டாம் யோசேப் அவரை ஹோஹென்ஹைம் சீமாட்டி என்ற பட்டத்துக்கு உயர்த்தினார். முந்தைய காதலிகள் எவருக்கும் கிடைக்காத இடம் இது.

ஆனாலும் மணம் முடிக்க முடியவில்லை. டியூக் கத்தோலிக்கர், பைராய்ட்டில் முதல் மனைவி உயிரோடு இருந்தார். டோன்டோர்ஃப் ஊரின் ஃபான்டசி மாளிகையில் அவர் தனியே வாழ்ந்தார். டியூக்கின் திருச்சபையில் மணவிலக்கு கிடையாது. 1780 ஏப்ரலில் முதல் மனைவி இறந்த பிறகும் தடை தீரவில்லை. பிரான்ஸிஸ்காவின் முன்னாள் கணவர் உயிரோடு இருந்தார். லூத்தரன் வழக்கில் செல்லுபடியான மணவிலக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கவில்லை. அதன் கண்ணில் அவர் இன்னும் லாய்ட்ருமின் மனைவிதான். போதாததற்கு, ஆளும் குடும்பத்துக்குச் சமமான பிறப்பு அவருக்கு இல்லை என்று டியூக்கின் தம்பிகளின் தரப்பு நினைத்தது. 1785 ஜனவரியில் இரகசியமாக மணம் நடந்தது. 1786 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. உறவினர்கள் இணங்கி அவரை டியூக்கின் முறையான மனைவியாக ஏற்கச் சில ஆண்டுகள் ஆயின. 1791-ல்தான் லாய்ட்ரும் மணம் செல்லாது என்று ரோமாபுரி முடிவு செய்து, டியூக்கின் மணத்துக்குத் திருச்சபையின் ஒப்புதல் கிடைத்தது. உறவு தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒப்புதல் அது. அப்போது டியூக்குக்கு அறுபத்து மூன்று வயது. வாழ்வதற்கு மிஞ்சியிருந்தவை இரண்டே ஆண்டுகள்.

அந்த இல்லற வாழ்வை நெருங்கிப் பார்க்க வாய்த்திருப்பது பிரான்ஸிஸ்காவின் நாட்குறிப்பு. 1780 முதல் 1795 வரை அவர் எழுதியது, 1913-ல் அச்சேறியது. எழுத்துக்கூட்டல் ஒழுங்கில்லாத, பேசுகிறபடியே எழுதிய ஜெர்மன் அது. காலையில் எழுந்தது, பிரார்த்தனை, டியூக்கோடு வண்டியில் போனது, கட்டட வேலையைப் பார்த்தது, யார் விருந்துக்கு வந்தார்கள், என்ன வாசித்தார்கள் என்று நாட்கள் ஒன்றுபோல நகர்கின்றன. பெரிய அரசியல் அதில் இல்லை. முன்பு இரவெல்லாம் கேளிக்கையில் கழித்த ஒருவரின் வீட்டு ஒழுங்கு அதில் தெரிகிறது. டியூக்கின் உடல்நிலையும் மனநிலையும் எழுதுபவரின் முதல் கவலை. தம்மைப் பற்றிய புகார் மிகக் குறைவு.

இருவரும் சேர்ந்து வளர்த்தது ஹோஹென்ஹைம் தோட்டம். 1776-ல் இங்கிலாந்து போய் வந்தபின் அங்கே பார்த்த பாணியில் அதைத் தொடங்கினார்கள். இடிந்துபோன ரோமானிய நகரம் ஒன்றின் சிதைவுகளுக்கிடையே பிற்கால மக்கள் குடியேறிக் கிராமம் அமைத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அதன் கற்பனை. தூண்கள், சமாதி, ரோமச் சிறை இவற்றின் நடுவே மாவு ஆலை, பால் பண்ணை, கரி சுடுபவன் குடிசை, சத்திரம் என்று சுமார் அறுபது சிறு கட்டடங்கள் நின்றன. மாளிகை கட்டிச் சலித்த டியூக் குடிசை கட்டத் தொடங்கினார். பண்ணை, கால்நடை, மரக்கன்று, விதை ஆகியவற்றில் அவருக்கு உண்மையான ஆர்வம் பிறந்தது. நாடகாசிரியர் ஷில்லர் 1794-ல் இந்தத் தோட்டத்தை மதித்து எழுதினார். 1797-ல் நேரில் பார்த்த கோதேக்கு அது பிடிக்கவில்லை. இன்று அந்த இடம் வேளாண் ஆய்வுக்குப் பேர்பெற்ற ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகம். பழைய கட்டடங்களில் விளையாட்டு மாளிகை என்ற ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

இந்த உறவிலும் குழந்தை இல்லை. டியூக்குக்குப் பிள்ளைகளாக வாய்த்தவர்கள் ஒரு பள்ளியின் மாணவர்கள். 1770-ல் சோலிட்யூட்டில் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளி, மூன்றே ஆண்டில் இராணுவ அகாடமி ஆயிற்று. 1781-ன் இறுதியில் பேரரசரிடம் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ‘ஹோஹே கார்ல்ஷூலே’ என்ற பெயர் பெற்ற அந்தப் பள்ளியின் மாணவர்களை டியூக் தம் மகன்கள் என்றே அழைத்தார். நாள்தோறும் வந்து பார்த்தார், தேர்வுகளில் உட்கார்ந்தார். பெற்றோர் பிள்ளையை டியூக்கின் சேவைக்கே விட்டுக் கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். விடுமுறை கிடையாது. பரிசளிப்பில் பிரபு வீட்டுப் பையன்கள் டியூக்கின் கையை முத்தமிடுவார்கள். மற்றவர்கள் அங்கியின் ஓரத்தை. பெண் குழந்தைகளுக்கான பள்ளி பிரான்ஸிஸ்காவின் பொறுப்பில் இருந்தது. அவருடைய பிறந்தநாட்களில் மாணவர்கள் நற்பண்பு பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார்கள். அப்படிப் பேசியவர்களில் இளம் ஷில்லரும் ஒருவர். 1773-ல் பதின்மூன்று வயதில் டியூக்கின் விருப்பத்தால் உள்ளே வந்தவர் அவர். சட்டம் படிக்க வைக்கப்பட்டு பிறகு மருத்துவத்துக்கு மாறினார். ‘கொள்ளையர்கள்’ நாடகம் 1782 ஜனவரியில் மன்ஹைமில் அரங்கேறியபின், அனுமதியின்றி எல்லை தாண்டியதற்காகப் பதினான்கு நாள் காவலும் எழுதத் தடையும் கிடைத்தன. அந்த செப்டம்பரில், ரஷ்ய இளவரசரின் வருகைக்கான விழா ஆரவாரத்தில், அவர் தப்பி ஓடினார். இரண்டாண்டு கழித்து அரங்கேறிய ‘சூழ்ச்சியும் காதலும்’ நாடகத்தில் ஒரு ஜெர்மன் சிற்றரசரின் காதலியாக வரும் லேடி மில்ஃபோர்டிடம் பிரான்ஸிஸ்காவின் சாயல் உண்டு. அந்தப் பாத்திரத்தை அவர் இகழாமல், நல்ல மனமும் தவறான இடமும் கொண்டவளாகவே படைத்தார். ஷில்லரின் தீர்ப்பே பிரான்ஸிஸ்காவைப் பற்றிய நியாயமான தீர்ப்பு.

1778 பிப்ரவரி 11 டியூக்கின் ஐம்பதாவது பிறந்தநாள். அன்று நாடெங்கும் தேவாலய மேடைகளில் அவருடைய அறிக்கை வாசிக்கப்பட்டது. தாமும் மனிதர்தான், தவறியதுண்டு, இனிக் குடிமக்களின் நலனே தம் வாழ்வு என்பது அதன் சாரம். ஆள்பவர் ஒருவர் தம் குடிகளின் முன் இப்படிச் சொன்னதற்கு அக்காலத்தில் இணை காண்பது கடினம். பிரான்ஸிஸ்காவின் செல்வாக்கு இதில் இருந்தது என்பதும் உறுதி. ஆனால் அதற்குச் சுமார் ஓராண்டு முன்புதான் கவிஞரும் பத்திரிகையாளருமான கிறிஸ்டியான் ஷுபார்ட் கைதாகியிருந்தார். வுர்ட்டெம்பெர்க்குக்கு வெளியே, சுதந்திர நகரான உல்மில் வாழ்ந்த அவரை 1777 ஜனவரியில் ஏமாற்றி எல்லைக்குள் பிளாபொய்ரன் ஊருக்கு வரவழைத்துப் பிடித்தார்கள். டியூக்கின் பள்ளியையும் அவருடைய காதலியையும் அவர் கேலி செய்திருந்தார். ஹோஹெனாஸ்பெர்க்கில் அவரை அறைக்குள் தள்ளிப் பூட்டுவதைப் பார்க்க டியூக்கும் பிரான்ஸிஸ்காவும் வந்து நின்றார்கள். பத்து ஆண்டுகள் சிறை. வழக்கு விசாரணை ஒரு நாள்கூட இல்லை. அவருடைய மனைவிக்கு டியூக் உதவித்தொகை கொடுத்தார், பிள்ளைகளைத் தம் பள்ளிகளில் சேர்த்தார். தண்டனையும் பராமரிப்பும் ஒரே கையிலிருந்து வந்தன. தோட்டத்தில் குடிசை கட்டிய டியூக்கும் பிர்க்கரைச் சிறைவைத்த டியூக்கும் ஒரே ஆள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பரிந்து பேசும் வாய்ப்பு பிரான்ஸிஸ்காவுக்கு மற்ற எவரையும்விட அதிகம் இருந்தது. அன்று அவர் அங்கே நின்றதை அவருடைய நற்குணத்தைப் புகழும் வரலாறுகள் விரைந்து கடந்துவிடுகின்றன.

1786-ல், மணம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு சுமார் 2,000 பேர் கொண்ட படைப்பிரிவு ஒன்றைப் பணத்துக்குத் தர டியூக் ஒப்பந்தம் செய்தார். 1787-ல் லுட்விக்ஸ்பர்க்கிலிருந்து அது புறப்பட்டபோது சிறையிலிருந்த ஷுபார்ட் எழுதிய வழியனுப்புப் பாடல் ஜெர்மனி முழுதும் பரவியது. நன்னம்பிக்கை முனைக்கு என்று போனவர்கள் பின்னர் ஜாவாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்டார்கள். 1796-ல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது அங்கிருந்த காவல்படையில் வுர்ட்டெம்பெர்க் வீரர்களும் இருந்தார்கள். டியூக்கின் ஃபிராங்க்மோன் மகன்கள் சிலரும் இந்தப் படையில்தான் அனுப்பப்பட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலர்.

முதுமையில் டியூக்கும் மனைவியும் நிறையப் பயணம் செய்தார்கள். புரட்சி வெடித்த பாரிசையும் பார்த்தார்கள். நூல்களும் சேர்ந்தன: கோபன்ஹேகன் போதகர் யோசியாஸ் லோர்க் சேர்த்திருந்த விவிலியப் பதிப்புகளின் பெருந்தொகுதியை டியூக் 1784-ல் விலைக்கு வாங்கினார். ஸ்டுட்கார்ட் மாநில நூலகத்தின் விவிலியச் சேகரிப்புக்கு அது அடித்தளம். ஹோஹென்ஹைமில் எழுந்த புதிய மாளிகை முடியும் முன்பே, 1793 அக்டோபர் 24-ல், டியூக் அங்கேயே இறந்தார். லுட்விக்ஸ்பர்க் அரண்மனையின் நிலவறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

முறையான வாரிசு இல்லாததால் ஆட்சி தம்பி லுட்விக் ஆய்கனிடமும், 1795-ல் அடுத்த தம்பி பிரீட்ரிக் ஆய்கனிடமும் போனது. முதல் தம்பி 1794-ல் கார்ல்ஷூலேயைக் கலைத்தார். அண்ணனின் விதவையிடம் அவர் கனிவு காட்டவில்லை. ஹோஹென்ஹைமை விட்டு வெளியேறிய பிரான்ஸிஸ்கா 1795 முதல் கிர்ச்ஹைம் மாளிகையில் வாழ்ந்தார். இரண்டாம் தம்பியின் பிள்ளைகள் லூத்தரன்களாக வளர்ந்தவர்கள். 1797-ல் அவருடைய மகன் பிரீட்ரிக் பட்டத்துக்கு வந்தபோது ஆள்பவரும் குடிகளும் ஒரே சமயத்தினர் ஆனார்கள். 1806-ல் அவரே வுர்ட்டெம்பெர்க்கின் முதல் அரசரானார். பிரான்ஸிஸ்கா 1811 ஜனவரி 1-ல் இறந்தார். கணவர் பக்கத்தில் அவருக்கு இடம் தரப்படவில்லை. கிர்ச்ஹைமின் மார்ட்டின் தேவாலயத்தில் அடக்கமானார்.